டர்போவைக் கழற்றுவதற்கு முன்

"டர்போ போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டால், அதற்குமேல் கேள்வி கேட்பவர்கள் குறைவு. டர்போ எளிதில் கண்ணில் படும் இடத்தில் இருப்பதில்லை. அதன் விலையும் பெரியது. விலை உயர்ந்த உறுப்புதான் பழுதாகியிருக்கும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையால் நல்ல நிலையில் உள்ள டர்போக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. அதனால்தான் எங்கள் வண்டியில் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், குறைந்தபோது எதை எந்த வரிசையில் பார்த்தோம், எந்த எண் எதைக் காட்டிக்கொடுத்தது என்று விரிவாக எழுதிவைக்கிறேன்.

வண்டி 2008ஆம் ஆண்டு ஸ்கோடா லாரா, 1.9 டிடிஐ டீசல். 1,896 சிசி, நான்கு சிலிண்டர். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் டீசலை அழுத்தித் தரும் காமன் ரெயில் முறைக்கு இந்த வண்டி மாறுவதற்கு முந்தைய வகை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டே அழுத்தி இயக்கும், டீசலைப் பீய்ச்சும் தனித்தனி பம்ப்-இன்ஜெக்டர். 105 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1,900 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அண்ணன் வாங்கி ஓட்டிய வண்டி. அவர் பெங்களூருக்கு மாறிப்போனபோது என்னிடம் விட்டுச் சென்றார். நான் கோவையில் சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆலை முழுக்க ஓடும் காற்றழுத்தக் குழாய்களில் எங்கே கசிகிறது என்று தேடுவது எங்கள் பிரிவின் அன்றாட வேலை. கம்ப்ரஸர் பழுதானது என்று யாராவது சொன்னால் நாங்கள் முதலில் கம்ப்ரஸரைப் பிரிப்பதில்லை, குழாய்களைத்தான் பார்ப்போம். காரையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

குறை தெரிந்தது வால்பாறை மலையில். ஆழியாறு தாண்டி ஏறத் தொடங்கினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியருக்கு இறங்கி, மீண்டும் வேகம் எடுக்க வேண்டும். வழக்கமாக 1,700, 1,800 சுற்றில் முதுகை இருக்கையோடு அழுத்தும் அந்த உந்துதல் வரவில்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காமல் முனகியது. கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. மேலே போகப் போக, ஓரிடத்தில் திடீரென்று பாதி சக்தியும் போய்விட்டது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து மறுபடி கிளப்பினால் கொஞ்ச தூரம் சரியாகப் போகும். அவினாசி சாலையில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இந்தக் குறை எதுவுமே தெரியாது. சமவெளியில் மட்டும் ஓட்டுபவர்கள் மாதக்கணக்கில் இதைக் கவனிக்காமலே இருந்துவிடலாம்.

அணைத்துக் கிளப்பினால் சரியாவது ஒரு முக்கியமான தடயம். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, தான் கேட்ட காற்றழுத்தமும் கிடைத்த அழுத்தமும் வெகுநேரம் ஒத்துப்போகாவிட்டால், பாதுகாப்புக்காக டீசலைக் குறைத்து வண்டியை நொண்ட விடும். சாவியை அணைத்துத் திருப்பினால் மீண்டும் ஒரு வாய்ப்புத் தரும். இயந்திரத்துக்குள் ஏதாவது உடைந்திருந்தால் சாவியைத் திருப்பி ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் போன ஒர்க்‌ஷாப் பெரியது, பளபளப்பானது. ஸ்கேனரைச் செருகினார்கள், பி0299 என்ற குறியீடு வந்தது. உடனே டர்போ மாற்ற வேண்டும் என்று எழுபதாயிரத்துக்கு மேல் மதிப்பீடு எழுதிக் கையில் கொடுத்தார்கள். பானட்டைத் திறக்கவே இல்லை. அந்தக் குறியீட்டுக்குப் பொருள், கேட்ட அழுத்தத்தைவிடக் கிடைத்த அழுத்தம் குறைவு என்பது மட்டும்தான். டர்போ கெட்டுவிட்டது என்று அது எங்கும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று வந்தவருக்கு வெப்பமானியை மட்டும் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கிற மாதிரியான வேலை இது. மதிப்பீட்டை மடித்து வைத்துக்கொண்டு, சிங்காநல்லூரில் எங்களுக்குப் பல வருடமாகத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார். மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கமாட்டார்.

இந்த வகை டர்போ எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புகை வெளியேறும் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. புகைச் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சிறு இறகுகள் இருக்கும். குறைந்த சுற்றில் புகை குறைவாக வரும்போது இறகுகள் நெருங்கி மூடி, புகையைக் குறுகிய இடுக்கு வழியாக வேகமாகப் பாய்ச்சும். சுற்று கூடியதும் இறகுகள் விலகிக் கொடுக்கும். இவற்றை அசைப்பது ஒரு கம்பி. அந்தக் கம்பியை இழுப்பது சவ்வு வைத்த ஒரு சிறு தகரக் குடுவை. பட்டறைகளில் ஆக்சுவேட்டர் என்பார்கள். அதை இயக்குவது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தின் இழுப்பு. வேக்குவம் இருந்தால் கம்பி மேலே ஏறி இறகுகள் மூடும். வேக்குவம் இல்லாவிட்டால் இறகுகள் விரியத் திறந்து கிடக்கும், பூஸ்ட் வராது.

அந்த வேக்குவம் வரும் வழியைப் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் உள்ள பம்பில் உருவாகி, மெல்லிய ரப்பர்க் குழாய்கள் வழியாக, பிரேக் பூஸ்டருக்கும் மற்ற வால்வுகளுக்கும் பிரிந்து, என்75 என்ற மின்காந்த வால்வுக்கு வந்து, அங்கே எவ்வளவு விட வேண்டும் என்று கணினி தீர்மானித்து, இன்னொரு குழாய் வழியாக இன்ஜினின் பின்பக்கம் இறங்கி ஆக்சுவேட்டரை அடைகிறது. பல வருடம் வெந்த ரப்பர்க் குழாய்கள் அவை. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு, எங்கே கோளாறு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்பால் ஆன டர்போவுக்கு முன்னால் இந்த ரப்பரைச் சந்தேகிப்பதுதான் முறை.

ஆனால் அதற்கும் முன்னால் அளவுகோலைச் சோதிக்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும் சென்சாரே தவறாகச் சொன்னால் மற்ற எல்லாத் தேடலும் வீண். இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் பூஸ்ட் சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது குழாய்க்குள் இருப்பது வெளிக்காற்றுதான். ஆகவே சென்சார் அந்த ஊரின் காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. 965 மில்லிபாரை ஒட்டி வரும். சென்னையில் 1,010ஐ ஒட்டி வரும். ஊட்டியில் இதே வண்டி 780க்கும் கீழே காட்டும். அதைப் பார்த்து சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கணினிக்குள்ளேயே வெளிக்காற்றை அளக்கும் தனி சென்சார் ஒன்று உண்டு. இரண்டும் சில மில்லிபார் வித்தியாசத்தில் ஒத்துப்போயின. அளவுகோல் சரி.

அடுத்தது, ஓடும்போது எண்களைப் பதிவு செய்வது. என் மச்சினரிடம் இந்த வகை வண்டிகளின் கணினியைப் படிக்கும் விசிடிஎஸ் மென்பொருளும் கேபிளும் இருந்தன. அதில் 011ஆம் குழுவைத் திறந்தால் நான்கு எண்கள் வரும்: இன்ஜின் சுற்று, கணினி கேட்கும் அழுத்தம், கிடைக்கும் அழுத்தம், என்75 வால்வுக்குப் போகும் கட்டளை விழுக்காடு. கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் கிடைக்கும் அழுத்தத்தை மட்டும் காட்டும். கணினி எவ்வளவு கேட்டது என்பதைக் காட்டுவதில்லை. கேட்டது எவ்வளவு என்று தெரியாமல் கிடைத்தது குறைவா இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தந்த வண்டிக்கு உரிய மென்பொருள் வைத்திருப்பவரைத் தேடிப் போவது நல்லது.

நீலாம்பூர் தாண்டி சேலம் போகும் நெடுஞ்சாலையில், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டினோம். நான் ஓட்ட, மச்சினர் பக்கத்து இருக்கையில் மடிக்கணினியோடு. மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்து 3,500 வரை ஏற்றிவிட்டு விட்டுவிட வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது. தனியாக இதைச் செய்யாதீர்கள்.

வந்த எண்கள் இவை. 2,000 சுற்றில் கணினி கேட்டது 2,100 மில்லிபார், கிடைத்தது 1,530. 2,500 சுற்றில் கேட்டது 2,190, கிடைத்தது 1,610. இவை வெளிக்காற்றையும் சேர்த்த அளவு. அதைக் கழித்தால் 1.2 பாருக்கு மேல் வர வேண்டிய பூஸ்ட் 0.65 பார்தான் வந்திருக்கிறது. அதே நேரத்தில் நான்காவது எண் 90 விழுக்காட்டுக்கு மேல் போய் அப்படியே நின்றது. அதாவது, கணினி தன்னால் முடிந்த அளவு இறகுகளை மூடச் சொல்லிக்கொண்டே இருக்கிறது; பலன் இல்லை. எங்கள் வண்டியில் இந்த விழுக்காடு கூடினால் இறகுகள் மூடும். சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும், முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, இறகுகள் கட்டளைக்கு அடங்கவில்லை. இல்லாவிட்டால் டர்போ ஒழுங்காகத்தான் அழுத்துகிறது, அழுத்திய காற்று போகும் வழியில் எங்கோ வெளியேறுகிறது. எதுவென்று கண்டுபிடிக்க இன்னொரு எண் இருக்கிறது. காற்று வடிகட்டியை ஒட்டி, உள்ளே போகும் காற்றின் எடையை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. ஒரு சிலிண்டர் ஒரு முறை உறிஞ்சும் காற்று எத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். 1,896 சிசியை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 474 சிசி. 1,610 மில்லிபார் அழுத்தத்தில், 50 டிகிரி வெப்பத்தில், 474 சிசி காற்றின் எடை சுமார் 820 மில்லிகிராம். சிலிண்டர் ஒருபோதும் முழுதாக நிரம்பாது. 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 695. சென்சார் காட்டியது 690. உள்ளே நுழைந்த காற்றும் சிலிண்டருக்குப் போன காற்றும் ஒன்றே. வழியில் பெரிய கசிவு இல்லை. டர்போதான் போதிய அளவு அழுத்தவில்லை. பள்ளிக்கூடத்து வாயு விதியை வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் சந்தேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. முழு மிதியில் புகையைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு மூடியிருக்கும் என்பதால்தான் இந்தக் கணக்குச் செல்லும். அது திறந்தபடி சிக்கியிருந்தால் கணக்கு உதைக்கும், அப்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிறகுதான் பானட்டைத் திறந்தோம். அண்ணாவின் பட்டறையில் கையால் அழுத்தும் வேக்குவம் பம்ப் ஒன்று இருக்கிறது, முள் காட்டும் மீட்டரோடு. பிரேக் வேலைக்காக வாங்கியது. முதலில் இன்ஜினை ஓடவிட்டு, வேக்குவம் பம்பிலிருந்து வரும் குழாயில் மீட்டரை மாட்டினோம். 26 அங்குல பாதரசம் காட்டியது. கோவையின் காற்றழுத்தத்துக்கு இது நல்ல அளவு. பிரேக் பெடல் இறுகாமல் இருந்ததிலிருந்தே இதை ஓரளவு ஊகிக்கலாம். அடுத்து, ஆக்சுவேட்டரில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி அதன் முனையில் மீட்டரை வைத்தோம். 11 அங்குலம். 26 புறப்பட்ட இடத்திலிருந்து 11தான் வந்து சேர்ந்தது. ஐடிலில், அதாவது இன்ஜின் மிதி இல்லாமல் சும்மா ஓடும்போது, இறகுகள் ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்க வேண்டும். அதற்கு இது போதாது.

ஆக்சுவேட்டரை நேரடியாகக் கைப்பம்போடு இணைத்தோம். அண்ணா படுத்தபடி, சிறு கண்ணாடியை நீட்டி, கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 4 அங்குலத்தில் அசையத் தொடங்கியது. 18ஐ எட்டும்போது மேலே முட்டி நின்றது. நடுவில் எங்கும் சிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் முள் இறங்கவே இல்லை. சவ்வு நல்லது. கம்பி நல்லது. இறகுகள் கரி பிடித்து இறுகவில்லை. எழுபதாயிரம் ரூபாய்ப் பொருள், தன்மேல் குற்றமில்லை என்று அந்த இடத்திலேயே காட்டிவிட்டது.

என்75 வால்வின் மின்சுருளை மல்ட்டிமீட்டரில் பார்த்ததில் 16 ஓம், சரியான அளவு. மீதி இருந்தது அந்த வால்விலிருந்து ஆக்சுவேட்டருக்கு இறங்கும் குழாய். கழற்றி மேசையில் வைத்தோம். மேலே துணிப் பின்னல் போர்த்திய ரப்பர்க் குழாய், எண்ணெய்த் தூசு படிந்து கறுத்திருந்தது. மற்றபடி முழுதாகத் தெரிந்தது. ஒரு முனையை அடைத்து மறுமுனையில் கைப்பம்பை இழுத்தால், முள் நிற்கவும் செய்தது. "சார், இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார் அண்ணா. குழாயை, அது வண்டியில் வளைந்திருந்த மாதிரியே வளைத்துப் பிடித்தேன். முள் சடாரென்று விழுந்தது. ஆக்சுவேட்டர் முனையிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் பின்னலை விலக்கிப் பார்த்தோம். ரப்பரில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. நேராகப் பிடித்தால் உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன, இருப்பதே தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து வளைத்தால் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வாய் திறக்கிறது. உட்புற ரப்பர் நகத்தால் கீறினால் உதிர்கிற அளவுக்குக் காய்ந்திருந்தது.

மலையில் மட்டும் ஏன் அதிகம் தொல்லை கொடுத்தது என்பதும் அப்போது விளங்கியது. குறைந்த கியரில் அழுத்தி இழுக்கும்போது இன்ஜின் தன் மவுண்டுகளின்மேல் கொஞ்சம் சாய்கிறது. என்75 வால்வு வண்டியின் உடலோடு நிற்கிறது, டர்போ இன்ஜினோடு சாய்கிறது. நடுவில் இருக்கும் குழாய் மேலும் வளைந்து வெடிப்பு முழுவதும் திறக்கிறது. எப்போது வேக்குவம் மிகவும் தேவையோ அப்போதுதான் கசிவும் உச்சத்தில் இருந்திருக்கிறது. கழற்றிய குழாயை நேராக வைத்துச் சோதித்து, சரி என்று மறுபடி மாட்டுபவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. வேக்குவம் குழாய்களை அவை வண்டியில் இருந்த வளைவிலேயே சோதியுங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒரு குழாய் இப்படியென்றால் மற்றவையும் அதே வயதுதான். எல்லா வேக்குவம் குழாய்களையும் மாற்றிவிட்டோம். வெப்பத்தையும் எண்ணெய் ஆவியையும் தாங்கும், பின்னல் போட்ட குழாயாகக் கேட்டு வாங்க வேண்டும். உட்புற விட்டம் முக்கியம். தளர்ந்தால் முனையில் கசியும். மீன்தொட்டிக்கு விற்கும் பிளாஸ்டிக் குழாயை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், டர்போவின் சூட்டில் அது சுருங்கிவிடும். கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்75 வால்வில் மூன்று முனைகள்: ஒன்றில் வேக்குவம் வருகிறது, ஒன்றில் ஆக்சுவேட்டருக்குப் போகிறது, ஒன்று வெளிக்காற்றுக்கு. மாறிப்போனால் புதுக் குழாயோடும் வண்டி இழுக்காது. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

மறுபடி அதே சாலை, அதே கியர். 2,500 சுற்றில் கேட்டது 2,190, கிடைத்தது 2,120. வண்டி பறந்தது. பெரும்பாலானவர்கள் இங்கே திருப்தியடைந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். மச்சினரும் மடிக்கணினியை மூடப் போனார். எனக்கு நான்காவது எண் பிடிக்கவில்லை. அது இன்னும் 80ஐ ஒட்டி நின்றது. ஆலையில் கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதே இன்ஜின் உள்ள வண்டி இருக்கிறது. அதில் அதே சுற்றில் 55ஐ ஒட்டித்தான் இருந்தது. எங்கள் டர்போ அதே பூஸ்ட்டைத் தர அதிகம் உழைக்கிறது என்று பொருள். காற்று எடையையும் பார்த்தேன். 2,120 மில்லிபாரில், 60 டிகிரியில், அதே 85 விழுக்காட்டுக் கணக்குப்படி 895 மில்லிகிராம் வர வேண்டும். சென்சார் 970 காட்டியது. உள்ளே நுழைந்த காற்றில் ஒரு பங்கு சிலிண்டரை எட்டவில்லை. பூஸ்ட் குறைவாக இருந்தவரை தெரியாமல் இருந்தது, இப்போது உண்மையாகவே காற்றுக் கசிவு.

இந்த நான்காவது எண்ணைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். சிறு கசிவு வந்தால் கணினி இறகுகளை இன்னும் கொஞ்சம் மூடி ஈடுகட்டிவிடும். பூஸ்ட் குறையாது, விளக்கு எரியாது, ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. டர்போ மட்டும் தேவைக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும். இந்தச் சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகக்கூடியவை. அந்த வேகத்தில் கூடுதல் உழைப்பு ஆயுளைத் தின்னும். கடைசியில் ஒருநாள் டர்போ நிஜமாகவே போகும், புதியதை மாட்டுவார்கள், கசிவு அப்படியே இருக்கும், புதியதும் அதே பாட்டைப் படும்.

கசிவைத் தேட ஆலை வழியையே கையாண்டோம். பிளம்பிங் கடையில் டர்போவின் வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றை வாங்கி, நடுவில் துளையிட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தினோம். வடிகட்டிப் பக்கத்துக் குழாயைக் கழற்றிவிட்டு, டர்போ உள்ளிழுக்கும் பக்கத்தில் இந்த மூடியை கிளாம்ப் போட்டு இறுக்கினோம். இன்ஜினின் மூச்சுக்குழாய் வந்து சேரும் இடத்தையும் அடைக்க வேண்டும். விட்டால் அழுத்தம் எண்ணெய் அறைக்குள் போய் சீல்களைப் பிதுக்கும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரஸரில் ரெகுலேட்டர் வைத்து 0.8 பாருக்கு மேல் போகாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். மூடிக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. கிளாம்ப் நழுவினால் அது பாய்ந்து வரும். கொஞ்சம் காற்று திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய் எண்ணெய் ஊற்றும் மூடிப் பக்கம் உஸ் என்று கேட்கும், அது கசிவில்லை.

சோப்புத் தண்ணீர் தெளித்ததும், டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் கீழே போகும் குழாய் இணையும் இடத்தில் நுரை கொப்பளித்தது. அந்த இணைப்பின் கீழ்ப்பாதியில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டி அடையாகப் படிந்திருந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் டார்ச்சை மட்டும் வைத்துப் பார்த்தாலும் இது தெரியும். இன்டர்கூலர்க் குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. அது வெளியே வந்து மண்ணைப் பிடித்திருந்தால் அங்கே காற்றும் வெளியேறுகிறது. உள்ளே இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தன் உருண்டை வடிவத்தை இழந்து தட்டையாகியிருந்தது. அதை மாற்றிய பின் 2,190க்கு 2,180 வந்தது. காற்றின் எடை கணக்கோடு ஒட்டியது. நான்காவது எண் 57க்கு இறங்கியது.

இந்த எண்கள் எங்கள் வண்டிக்கு உரியவை. வேறு இன்ஜினுக்கு வேறு. ஆனால் இதே வகை டர்போ என்றால் சோதனையின் வரிசை மாறாது. வடிகட்டி அடைபட்டிருக்கிறதா என்பதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். காற்று எடை சென்சார் அழுக்கடைந்து குறைவாகக் காட்டினால் கணினி டீசலையே குறைத்துவிடும். அப்போது சக்தி இருக்காது, கரும்புகையும் இருக்காது. புகை போகும் வழியில் அதைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் சுற்று ஏற ஏற மூச்சு முட்டும். எங்கள் வகை பம்ப்-இன்ஜெக்டர் இன்ஜின்களில் இன்னொன்றும் உண்டு: கேம்ஷாஃப்டில் இன்ஜெக்டருக்கும் இடம் ஒதுக்கியதால் வால்வுகளுக்கான முகடுகள் ஒடுக்கமானவை. ஃபோக்ஸ்வேகன் வகுத்த 505.01 என்ற தரமில்லாத எண்ணெயை ஊற்றி ஓட்டினால் அவை தேய்ந்து, சிலிண்டர் முழு மூச்சு விட முடியாமல் போகும். அதையும் டர்போ குறை என்று சொல்லிவிடுகிறார்கள்.

டர்போ உண்மையிலேயே போயிருந்தால் அதற்கும் அடையாளம் உண்டு. உள்ளிழுக்கும் குழாயைக் கழற்றித் தண்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இயல்பு. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு அது. முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற அளவு ஆடினாலோ, சக்கரத்தின் இதழ்கள் உறையை உரசிய கீறல் இருந்தாலோ, குழாயில் எண்ணெய் தேங்கி நின்று நீலப்புகை வந்தாலோ, மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றும்போது எண்ணெய் வரும் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அதில் கரி அடைத்துத்தான் பழையது போயிருக்கலாம்.

அந்தக் காலத்து எளிய டர்போ வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இறகுகள் இல்லாத, கூடுதல் புகையைச் சக்கரத்துக்குப் போகவிடாமல் திருப்பும் வேஸ்ட்கேட் கதவு மட்டும் உள்ள டர்போக்களில் பல, வேக்குவத்தால் இல்லாமல் பூஸ்ட் அழுத்தத்தாலேயே கதவைத் திறப்பவை. அங்கே அந்தச் சிறு குழாய் வெடித்தால் விளைவு தலைகீழ்: கதவு திறக்காது, பூஸ்ட் குறைவதற்குப் பதில் அளவுக்கு மேல் ஏறும். ஆகவே அந்த வண்டிகளில் பூஸ்ட் குறைந்தால் சிறு குழாயில் தொடங்காதீர்கள். கதவு முழுவதும் மூடாமல் சிக்கி நிற்கிறதா என்று கம்பியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, நேராக இன்டர்கூலர்க் குழாய்களுக்குச் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போங்கள்.